கண்ணாடியால் தெளியாத கண்ணுக்கு லென்ஸ்: முதல்முறை வருகிறவர்களுக்கு

கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டும் எழுத்துக்கு நிழல் விழுகிறது. இரவில் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் எதிரே வரும் லைட் வால் முளைத்து இழுபடுகிறது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாலும் ஒரு நிலா இரண்டு மூன்றாகத் தெரிகிறது. பதினாறு, பதினெட்டு வயதில் இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிற பிள்ளைகளில் சிலருக்குக் கடைசியில் கிடைக்கிற பெயர் கெரட்டோகோனஸ், அதாவது கூம்புக் கருவிழி. "இனிக் கண்ணாடி சரிவராது, விசேட லென்ஸ் போடவேண்டும்" என்று டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டோடு எங்களிடம் வருவார்கள்.

இந்தக் கட்டுரை அவர்களுக்கும், கூட வருகிற தாய் தகப்பனுக்கும். மட்டக்களப்பில் லென்ஸ் பொருத்துகிற ஒப்டோமெட்ரிஸ்ட் ஒருவரின் மேசையிலிருந்து எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கண்ணின்மேல் போடுகிற இந்தக் கொன்டக்ட் லென்ஸைக் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போக முடியாது. அளந்து, போட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடி போட்டுப் பார்த்துத்தான் அது உங்கள் கண்ணுக்கு உரியதாகும். அதற்கு ஆறுதலாக இருந்து ஒத்துழைக்கிறவர்கள் நன்றாகப் பார்க்கிறார்கள். "இன்றைக்கே முடித்துத் தாங்கோ" என்று நிற்கிறவர்களின் லென்ஸ் கொஞ்ச நாளில் அலுமாரிக்குள் போய்விடுகிறது.

ஏன் கண்ணாடி போதாது

கருவிழி என்பது கண்ணின் முன்னால் இருக்கிற தெளிந்த மூடி. அதன் நடுத் தடிப்பு அரை மில்லிமீற்றரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கூம்புக் கருவிழியில் அந்த மூடியின் ஒரு பகுதி, பெரும்பாலும் நடுவுக்குச் சற்றுக் கீழே, மெலிந்து முன்னால் புடைத்துவிடுகிறது. உள்ளே போகிற ஒளி ஓரிடத்தில் குவியாமல் சிதறுகிறது. கண்ணாடி ஒழுங்கான வளைவில் உள்ள பிழையைத்தான் திருத்தும். கோணல்மாணலான பரப்புக்கு அதனிடம் மருந்து இல்லை.

கடினமான லென்ஸ் ஒன்றைக் கருவிழிமேல் வைத்தால் இரண்டுக்கும் நடுவில் கண்ணீர் நிரம்பும். குண்டும் குழியுமான வீதியில் மழைத்தண்ணி தேங்கினால் மேற்பரப்பு மட்டமாகிவிடுகிறது அல்லவா, அதே வேலை இங்கேயும் நடக்கிறது. ஒளியைப் பொறுத்தவரை இனி லென்ஸின் வழுவழுப்பான முன்பக்கம்தான் கண்ணின் முன்பக்கம். கண்ணாடியோடு பெரிய எழுத்தில் தடுமாறினவர் லென்ஸ் போட்டதும் கீழ் வரிகளுக்கு இறங்குவது இதனால்தான்.

ஆனால் லென்ஸ் பார்வையைத் திருத்துமே தவிர நோயை நிறுத்தாது. கூம்பு வளராமல் தடுக்க வேறு சிகிச்சை இருக்கிறது: குரொஸ்-லிங்கிங். ரைபோஃபிளவின் என்ற விட்டமின் பி2 சொட்டைக் கருவிழியில் ஊறவைத்து, அளவான புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, கருவிழியின் இழைகளை இறுக்குவார்கள். 1990களில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வளர்த்தெடுக்கப்பட்ட முறை அது. வயது குறைந்த பிள்ளையாக இருந்து, கண்ணாடி நம்பரும் கெதியாக மாறிக்கொண்டிருந்தால், லென்ஸுக்குக் காசு சேர்ப்பதற்கு முன்பு கண் வைத்திய நிபுணரிடம் இதைப்பற்றிக் கேளுங்கள். அதைச் செய்த பிறகும் லென்ஸ் தேவைப்படலாம். எத்தனை நாள் கழித்துப் போடலாம் என்பதைச் சிகிச்சை செய்தவரே சொல்லவேண்டும்.

அப்புறம், கண் கசக்குவது. இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். ஒவ்வாமையால் கண் கடிக்கிற பிள்ளை, விரல் மொழியைக் குத்திக் குத்திக் கசக்கும். கச்சான் காற்று தொடங்கினால் வெக்கையும் தூசும் சேர்ந்து அது இன்னும் கூடும். ஏற்கெனவே மெலிந்த கருவிழிக்கு அந்தக் கசக்கல் நஞ்சு. கடி இருந்தால் டொக்டர் தந்த சொட்டைப் போடுங்கள், சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, பிழிந்து, மூடிய இமைமேல் வையுங்கள். லென்ஸ் பொருத்துவதற்கு முன்பு அந்தக் கடி அடங்கியிருக்கவேண்டும். கடிக்கிற கண்ணில் எவ்வளவு நல்ல லென்ஸும் நிற்காது.

யார் எதைச் செய்கிறார்கள் என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. எங்களையும் பலர் "டொக்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள், திருத்திச் சொன்னாலும் அடுத்த வசனத்தில் மறுபடி டொக்டர்தான். நோயை உறுதிசெய்வதும் மருந்து, சத்திரசிகிச்சை தீர்மானிப்பதும் கண் வைத்திய நிபுணர். கண்ணை அளந்து லென்ஸைத் தெரிந்து பொருத்துவது எங்கள் வேலை. கண்ணாடி விற்கிற எல்லா இடத்திலும் விசேட லென்ஸ் பொருத்துவதில்லை. ஓட்டோ பிடித்து வருமுன் போனில் இரண்டு கேள்வி கேளுங்கள்: கூம்புக் கருவிழிக்கான ட்ரயல் செட், அதாவது போட்டுப் பார்க்கிற மாதிரி லென்ஸ்கள், இருக்கிறதா, கருவிழியின் வரைபடம் எடுக்க வசதி இருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் வேறிடம் பாருங்கள். இங்குள்ள சிலர் இதற்காகக் கொழும்புவரை போகவேண்டித்தான் இருக்கிறது.

லென்ஸ் வகைகள், சுருக்கமாக

நோய் தொடக்கத்தில் இருந்தால் மென்மையான டொரிக் லென்ஸே, அதாவது இரண்டு திசையில் வேறுவேறு பவர் உள்ள லென்ஸே, போதுமாக இருக்கலாம். அடுத்தது ஆர்.ஜி.பி. என்கிற சிறிய கடின லென்ஸ். ஏறத்தாழ 9 முதல் 10 மில்லிமீற்றர் அகலம், கருவிழிமேலேயே மிதக்கும், ஒட்சிசனை உள்ளே விடும். விலையில் மற்ற விசேட லென்ஸ்களைவிடக் குறைவு, போடக் கழற்ற இலகு, ஆனால் பழகும்வரை இமைக்கு உறுத்தும். தூசு உள்ளே புகுந்தால் ஊசி குத்தின மாதிரி இருக்கும். சிலருக்கு அடியில் ஒரு மென்லென்ஸ், மேலே கடின லென்ஸ் என்று இரண்டடுக்காகப் போடுவோம். நடு கடினமாகவும் ஓரம் மென்மையாகவும் ஒரே துண்டாக வருகிற ஹைபிரிட் லென்ஸும் உண்டு.

கூம்பு கூடினவர்களுக்கும், தூசுக்குள் வேலை செய்கிறவர்களுக்கும், கருவிழி மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் நான் அதிகம் நினைப்பது ஸ்கிளீரல் லென்ஸை. 14 மில்லிமீற்றரிலிருந்து 20க்கு மேலும் போகிற பெரிய கடின லென்ஸ் அது. கருவிழியை எங்குமே தொடாமல் மேலால் வளைந்து நின்று, வெள்விழியின்மேல் தன் பாரத்தை வைக்கும். நடுவில் உள்ள இடைவெளியில் சேலைன் நிரம்பியிருக்கும். பார்த்தால் பயமாக இருக்கும், "இவ்வளவு பெரிசா?" என்று எல்லோரும் கேட்பார்கள். போட்டால் சின்ன லென்ஸைவிட இதுதான் சுகம், ஏனென்றால் இமையின் ஓரம் இதன் விளிம்பில் உரசுவதில்லை.

வரலாறும் வேடிக்கையானதுதான். 1888இல் அடோல்ஃப் ஃபிக் என்ற கண் வைத்தியர் விவரித்து வெளியிட்ட, கிளாஸால் செய்த லென்ஸே வெள்விழியில் தங்குகிற பெரிய லென்ஸ்தான். கண்ணுக்குக் காற்றோட்டம் கிடைக்காததால் அதை நீண்ட நேரம் போட முடியவில்லை. 1948இல் அமெரிக்கரான கெவின் டூஹி சிறிய பிளாஸ்டிக் லென்ஸைக் கொண்டுவந்ததும் உலகம் அந்தப் பக்கம் போனது. ஒட்சிசன் ஊடுருவுகிற பிளாஸ்டிக் வந்த பிறகு பழைய பெரிய லென்ஸ் புது உடம்போடு திரும்பி வந்திருக்கிறது.

கூம்புக் கருவிழிக்கு மட்டும்தான் விசேட லென்ஸ் என்று நினைக்கவேண்டாம். பிறவிக் கண்புரை எடுத்த கைக்குழந்தை, காயத்தால் வெள்ளை விழுந்த கண்ணை நிறமூட்டிய லென்ஸால் மறைக்க விரும்புகிறவர், கண்ணீர் சுரக்காமல் எரிகிறவர் என்று பலருக்கும் உண்டு. இங்கே ஸ்கிளீரலை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

வருமுன்

ஏற்கெனவே மென்லென்ஸ் போடுகிறவராக இருந்தால் அளவெடுப்பதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே நிறுத்தவேண்டும். கடின லென்ஸ் என்றால் இன்னும் கூடுதலாக. லென்ஸ் கருவிழியை அமுக்கி வைத்திருக்கும், உடனே அளந்தால் பிழையான வடிவம்தான் கிடைக்கும். எத்தனை நாள் என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய ரிப்போர்ட், பழைய கருவிழிப் படம், பாவிக்கிற சொட்டு மருந்துகளின் போத்தல்கள், கடைசிக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். "பச்சை மூடிப் போத்தல்" என்று சொன்னால் எனக்கு விளங்காது. மை, சுர்மா போடாமல் வாருங்கள். வாகரை, பொத்துவில் பக்கமிருந்து வருகிறவர்கள் அந்த நாளை முழுதாக இதற்கென்றே ஒதுக்குங்கள், பின்னேர பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்ற அவசரம் எங்கள் வேலையைக் கெடுக்கும். திரும்பிப் போகும்போது நீங்களே மோட்டார் சைக்கிள் ஓட்ட நினைக்கவேண்டாம், ஒருவரைக் கூட்டி வாருங்கள்.

அளவெடுப்பது

கதிரையில் இருத்தி முதலில் இருட்டில் கண்ணுக்குள் ஒரு ஒளிக்கோட்டை அசைத்துப் பார்ப்போம். ஒழுங்கான கண்ணில் அந்த வெளிச்சம் ஒரே பட்டையாக நகரும். கூம்புக் கண்ணில் கத்தரிக்கோல் திறந்து மூடுவதுபோல இரண்டு பட்டைகளாக ஓடும். பெரிய மெஷின் எதுவும் இல்லாத இடத்திலும் இந்த ஒரு அடையாளம் பல பிள்ளைகளைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

பிறகு கருவிழியின் வளைவு. அதை டயொப்டர் என்ற அலகில் சொல்வோம், சாதாரணமாக அது 43, 44 டயொப்டர் அளவில் இருக்கும். கூம்பு கூடக்கூட 50ஐயும் தாண்டிப் போகும். ரிப்போர்ட்டில் இதே அளவு மில்லிமீற்றரிலும் இருக்கும்: 337.5ஐ டயொப்டரால் வகுத்தால் வளைவின் ஆரை வரும். 45 டயொப்டர் என்றால் 7.5 மில்லிமீற்றர். மில்லிமீற்றர் எண் குறைந்தால் வளைவு செங்குத்து என்று விளங்கிக்கொள்ளுங்கள். உங்கள் லென்ஸ் பெட்டியில் எழுதியிருக்கும் எண்களும் இதே கணக்கில்தான் இருக்கும்.

டொபோகிராஃபி மெஷின் இருந்தால் கருவிழியின் நிற வரைபடம் கிடைக்கும். சிவப்பு செங்குத்தான இடம், நீலம் தட்டையான இடம். அந்தச் சிவப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம் என்பதைப் பார்த்துத்தான் எந்த லென்ஸைக் கையில் எடுப்பது என்று முடிவுசெய்வோம். சிவப்பைப் பார்த்துத் தாய்மார் கலங்குவார்கள். அது மெஷின் போடுகிற நிறம், கண்ணில் இரத்தம் இல்லை.

ட்ரயல் லென்ஸ்

இதுதான் பொருத்துவதன் உயிர். எங்களிடம் இருக்கிற ட்ரயல் பெட்டியில் வெவ்வேறு உயரத்தில் லென்ஸ்கள் வரிசையாக இருக்கும். வரைபடத்தைப் பார்த்து ஒன்றைத் தெரிந்து, சேலைன் நிரப்பி, ஃபுளோரசீன் என்ற மஞ்சள் சாயத்தைக் கலந்து, உங்கள் கண்ணில் போடுவோம். அந்தச் சாயம் நீல ஒளியில் பச்சையாக மின்னும். கன்னத்தில் வழிந்தால் பயப்படவேண்டாம், கழுவினால் போய்விடும். வெள்ளைச் சேர்ட்டோடு வந்தால்தான் கவலை.

ஸ்லிட் லாம்ப் என்கிற, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவியில் நாடியை வைத்தபின் ஒளியை மெல்லிய கீற்றாக்கிக் கண்ணைக் குறுக்காக வெட்டுவதுபோலப் பார்ப்போம். மூன்று பட்டைகள் தெரியும்: லென்ஸ், அதன் கீழே பச்சைத் திரவம், அதன் கீழே கருவிழி. லென்ஸின் தடிப்பு எங்களுக்குத் தெரியும், உதாரணமாக 300 மைக்ரோன். பச்சைப் பட்டையும் அதே அகலம் என்றால் இடைவெளியும் ஏறத்தாழ 300. ஒரு மில்லிமீற்றருக்கு 1000 மைக்ரோன், ஆகவே நாங்கள் பேசிக்கொள்வது மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கைப்பற்றி.

இடைவெளி இல்லாமல் கூம்பின் நுனியில் லென்ஸ் முட்டினால் பச்சைக்கு நடுவில் கறுப்புப் பொட்டு விழும். அந்த லென்ஸ் கூடாது, தழும்பு உண்டாக்கும். இடைவெளி கூடிப்போனாலும் கூடாது: திரவம் தடித்தால் கருவிழிக்கு ஒட்சிசன் குறையும், பார்வையும் மங்கும். போட்டவுடன் பார்த்து முடிவெடுக்கவும் முடியாது. லென்ஸ் வெள்விழியின் மெத்தென்ற தோலில் மெல்ல மெல்ல அமரும், சில மணித்தியாலத்தில் 100 மைக்ரோன் அளவுக்குக் கூட இறங்கிவிடும். அதனால் அரை மணித்தியாலம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மறுபடி பார்ப்போம். "என்ன, டீ குடிக்கப் போகச் சொல்கிறார்" என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்த அரை மணித்தியாலமும் பரிசோதனைதான்.

அடுத்து ஓரம். லென்ஸின் விளிம்பு வெள்விழியின் இரத்த நாளங்களை அமுக்கினால் அந்த இடம் வெளிறிப்போகும். விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றால் காற்றுக் குமிழி உள்ளே போகும், இமைக்கும் உறுத்தும். நிறையப் பேருக்கு வெள்விழி எல்லாப் பக்கமும் ஒரே உயரம் இல்லை, மூக்குப் பக்கம் ஒருமாதிரி, காதுப் பக்கம் வேறுமாதிரி. அதற்கேற்ப விளிம்பையும் இரண்டு திசையில் வேறுவேறாகச் செய்யச் சொல்வோம். கண்ணில் வெள்விழிச் சதை மேடாக வளர்ந்திருந்தால், வெயிலில் வேலை செய்கிற மீனவர், விவசாயிகளுக்கு இது உண்டு, அந்த இடத்தை ஒதுக்கி லென்ஸை வெட்டவும் முடியும்.

உங்கள் பங்கு இங்கே ஒன்றுதான்: உள்ளதைச் சொல்லுங்கள். "பரவாயில்லை, சமாளிக்கலாம்" என்கிற பணிவு எங்களுக்கு உதவாது. எந்தப் பக்கம் உறுத்துகிறது, போட்டு ஒரு மணித்தியாலத்தில் எரிகிறதா, மேலே பார்த்தால் கூடுகிறதா என்று விவரமாகச் சொன்னால் பிழை எங்கே என்று பிடித்துவிடலாம்.

எல்லாம் சரி என்றால், ட்ரயல் லென்ஸ் கண்ணில் இருக்கவே பவர் பார்ப்போம். அதையும் சேர்த்து ஆய்வுகூடத்துக்கு ஓடர் போகும். உங்கள் கண்ணுக்கென்று தனியாகக் கடைந்து செய்யப்படுவதால் வர நாள் எடுக்கும். காசு கொடுக்குமுன் மூன்று விசயத்தைத் தெளிவாகக் கேளுங்கள்: முதல் லென்ஸ் சரிவராவிட்டால் எத்தனை தடவை மாற்றித் தருவார்கள், திரும்பி வந்து காட்டுவதற்குத் தனிக் கட்டணமா, சேலைனும் மருந்துத் திரவமும் மாதம் எவ்வளவு முடியும். கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். லென்ஸ் வாங்கிவிட்டுத் திரவத்தில் மிச்சம் பிடிக்கப் போனால் கண்தான் விலை கொடுக்கும்.

போடப் பழகுவது

லென்ஸ் வந்த நாளில் அதைக் கையில் தந்து அனுப்ப மாட்டோம். என் முன்னால் நீங்களே போட்டு, நீங்களே கழற்றிக் காட்டவேண்டும். அது நடக்காவிட்டால் லென்ஸ் எங்களிடமே இருக்கும், இன்னொரு நாள் வரவேண்டும்.

படுவான்கரையிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். வயல் வேலை, விரல் நுனியெல்லாம் காய்த்துப்போன கை. லென்ஸ் கிட்ட வரும்போதெல்லாம் இமை மூடிக்கொள்ளும், சேலைன் முழுவதும் மேசையில். "என்ர கண் என்ர சொல்லைக் கேக்குதில்ல சேர்" என்றார். பக்கத்தில் இருந்த தாய், "விடு மகன், மறுகா இன்னொரு நாளைக்கு வருவம்" என்றார். பிழை கண்ணில் இல்லை, பிடியில். மேல் இமையை நடுவில் பிடித்திருந்தார். மயிர் முளைக்கிற ஓரத்திலேயே பிடித்து, புருவ எலும்போடு சேர்த்து அமுக்கச் சொன்னேன். இமைக்கு மூட வழியில்லாமல் போனது. லென்ஸ் உள்ளே போய்விட்டது. சுவரில் இருந்த கலண்டரின் சின்ன எழுத்தை அவர் வாசிக்கத் தொடங்கினார், தாய் பேசாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒழுங்கு இதுதான். சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, நூல் உதிராத துவாயால் ஈரம் போகத் துடையுங்கள். வாசனையும் எண்ணெய்ப் பசையும் இல்லாத சவர்க்காரமாக இருக்கட்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பது, மிளகாய் அரிவது, நண்டு மீன் துப்புரவாக்குவது எல்லாம் லென்ஸ் போட்ட பிறகு. மேசையில் சுத்தமான துவாயை விரித்து, அதன்மேல் முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கையாக வையுங்கள். எப்போதும் வலது கண் முதல். இரண்டு லென்ஸும் மாறிப்போவது இப்படித்தான் தடுக்கப்படும்.

லென்ஸை ரப்பர் உறிஞ்சியில் நிறுத்தி, பாதுகாப்பு மருந்து (பிரிசர்வேட்டிவ்) கலக்காத சேலைனை விளிம்பு வரை, கொஞ்சம் மேலே திரளும்படி நிரப்புங்கள். நாடி நெஞ்சைத் தொடும்படி குனியுங்கள், முகம் தரைக்கு நேராக இருக்கவேண்டும். ஒரு கையின் விரலால் மேல் இமை, உறிஞ்சியைப் பிடித்த மற்றக் கையின் இன்னொரு விரலால் கீழ் இமை. உறிஞ்சியின் நடுத் துளையை நேராகப் பார்த்துக்கொண்டு மேலே கொண்டு வாருங்கள். திரவம் கண்ணில் படும்போது குளிரும், அப்போது நிறுத்தாதீர்கள், இன்னும் கொஞ்சம். லென்ஸ் அமர்ந்ததும் முதலில் கீழ் இமையை விடுங்கள், பிறகு மேல் இமை, கடைசியில் உறிஞ்சியை எடுங்கள்.

உடனே கண்ணாடியில் பாருங்கள். லென்ஸுக்குக் கீழே வட்டமாகக் காற்றுக் குமிழி தெரிந்தால் கழற்றி மறுபடி நிரப்பிப் போடவேண்டும். சின்னக் குமிழிதானே என்று விடாதீர்கள். குமிழி நிற்கிற இடத்தில் கருவிழி காய்ந்துபோகும்.

கழற்றும்போது இரண்டு விசயம் முக்கியம். ஒன்று, லென்ஸ் கண்ணில் இருக்கிறதா என்று நிச்சயம் செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே விழுந்திருந்தால் உறிஞ்சி நேரே கருவிழியில் ஒட்டும், அதுபோல ஆபத்து வேறில்லை. இரண்டு, உறிஞ்சியை லென்ஸின் நடுவில் வைக்காதீர்கள். சேலைனால் நனைத்து, கீழ் ஓரத்தில் ஒட்டவைத்து, வெளியே இழுத்து மேலாக எடுங்கள். ஓரம் கிளம்பினால் காற்றுப் போய் லென்ஸ் தானாக விடும். வரவில்லையா? பதறவேண்டாம். சொட்டு விட்டு, சில முறை இமைத்து, லென்ஸ் விளிம்புக்கு வெளியே வெள்விழியை விரலால் மெல்ல அமுக்கி விடுங்கள், பிறகு முயற்சி செய்யுங்கள்.

முதல் நாள் மூன்று, நான்கு மணித்தியாலம் போதும். நாளுக்கு நாள் ஒன்றிரண்டு மணித்தியாலம் கூட்டுங்கள். பின்னேரம் பார்வை புகைமூட்டமாக வருவது ஸ்கிளீரலில் நடக்கிற விசயம், அடியில் உள்ள திரவத்தில் அழுக்குச் சேர்வதால் வருவது. கழற்றி, கழுவி, புது சேலைன் நிரப்பிப் போட்டால் தெளியும். நாளுக்கு ஒருமுறை அப்படிச் செய்வதில் குற்றமில்லை. ஒவ்வொரு இரண்டு மணித்தியாலத்துக்கும் செய்யவேண்டி வந்தால் பொருத்தத்தில் பிழை இருக்கலாம், வந்து காட்டுங்கள்.

தண்ணீர்

எங்கள் ஊரில் இதைத்தான் அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது. எங்களில் பலர் கிணற்றங்கரையில் வளர்ந்தவர்கள், தெளிந்த கிணற்றுத் தண்ணியைவிடச் சுத்தமானது எது என்று கேட்கிறவர்கள். குடிக்கலாம், லென்ஸுக்கு ஆகாது. கிணறு, குழாய், டாங்கி, கொதித்தாறிய தண்ணி, கடையில் வாங்கிய போத்தல் தண்ணி எதுவுமே ஆகாது. தண்ணீரில் வாழ்கிற அகந்தமீபா என்ற ஓரணு உயிரி லென்ஸில் ஒட்டிக் கருவிழிக்குள் போனால் மாதக்கணக்கில் மருந்து போடவேண்டி வரும், பார்வையே போகலாம். அது உறை கட்டிக்கொண்டு எளிதில் சாகாமல் கிடக்கும். லென்ஸ் போடுவது இந்த நோய் வருகிற ஆபத்தைக் கூட்டும்.

ஆகவே லென்ஸ், உறிஞ்சி, லென்ஸ் டப்பா மூன்றிலும் தண்ணீர் படக்கூடாது. லென்ஸைக் கிணற்றுக் கட்டிலோ சிங்க்குக்கு மேலேயோ நின்று கழுவவேண்டாம், அறைக்குள் மேசையில் செய்யுங்கள். விழுந்தால் தேடவும் இலகு.

குளிக்கும்போது லென்ஸ் வெளியே. கல்லடிக் கடலோ பாசிக்குடாவோ வாவியோ எங்கே இறங்கினாலும் வெளியே. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தில் முழுகப் போகிறவர்கள் லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் தொழுகைக்கு முன் ஒளூச் செய்வதைப்பற்றிக் கேட்பார்கள். முகம் கழுவும்போது கண்ணை இறுக மூடிக்கொள்ளுங்கள், கண்ணுக்குள் தண்ணீரை அடிக்காதீர்கள், கழுவி முடிந்ததும் இமையைத் துடைத்துவிட்டுத் திறவுங்கள். அதற்காக ஐந்து வேளையும் லென்ஸைக் கழற்றிப் போடவேண்டியதில்லை.

திரவங்களின் பெயர் குழம்பிவிடக்கூடாது. சேலைன் நிரப்புவதற்கும் அலசுவதற்கும் மட்டும், அது கிருமியைக் கொல்லாது. கிருமி நீக்குகிற மல்டிபேர்பஸ் திரவம் இரவு ஊறவைப்பதற்கு, அதை லென்ஸுக்குள் நிரப்பிக் கண்ணில் போடக்கூடாது. பெரொக்சைட் திரவம் என்றால் இன்னும் கவனம்: அதற்கென்று வருகிற டப்பாவில் 6 மணித்தியாலமாவது கிடந்து தணிந்த பிறகுதான் லென்ஸ் கண்ணுக்குப் போகவேண்டும். நேரே போட்டால் கண் வெந்துபோகும். அந்தப் போத்தலை அலமாரியில் தனியாக வையுங்கள். அந்த டப்பாவில் உங்கள் பெரிய லென்ஸ் அடங்குகிறதா என்றும் பார்த்து வாங்குங்கள், மென்லென்ஸுக்கான டப்பாவில் அடைக்கப்போய் விளிம்பு உடைந்த லென்ஸ்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபார்மசியில் கிடைக்கிற பெரிய சேலைன் போத்தலைத் திறந்து மாதக்கணக்கில் பாவிப்பது எங்கும் உள்ள பழக்கம். திறந்த சேலைனில் கிருமி வளரும். ஒருமுறை பாவிக்கிற சிறு குப்பிதான் நல்லது. ஊறவைத்த பழைய திரவத்தின்மேல் புதியதை ஊற்றி நிரப்பவேண்டாம், தினமும் முழுவதையும் கொட்டிவிடுங்கள். டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

அன்றாடம்

லென்ஸோடு படுக்கக்கூடாது, பகல் தூக்கத்துக்கும் கூட. கொழும்புக்கு இரவு ரயில் ஏறுகிறவர்கள் வீட்டிலேயே கழற்றிவிட்டுக் கண்ணாடியோடு ஏறுங்கள். ரயில் வோஷ்ரூமில் நின்று லென்ஸ் கழற்றுவது நடக்கிற காரியமில்லை. கண்ணாடி முழுத் தெளிவு தராவிட்டாலும் ஒன்று கைவசம் இருக்கத்தான் வேண்டும்.

சூடடிக்கிற காலத்தில் வயலில் நிற்கிறவர்களும் அரிசி ஆலையில் வேலை செய்கிறவர்களும் பக்கம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். மோட்டார் சைக்கிளில் ஹெல்மட்டின் முகமூடியை இறக்கிவிடுங்கள். மருதமுனையில் தறியில் இருக்கிறவர்கள், கொம்பியூட்டரில் இருக்கிறவர்கள் இமைக்க மறந்துவிடுவார்கள், லென்ஸின் முன்பக்கம் காய்ந்து மங்கும். டொக்டர் அனுமதித்த, பாதுகாப்பு மருந்து கலக்காத கண்ணீர்ச் சொட்டை மேலால் விடலாம்.

கண் சிவந்து நோகிறதா, வெளிச்சம் பார்க்க முடியவில்லையா, பார்வை குறைந்ததா, பீளை தள்ளுகிறதா: உடனே லென்ஸைக் கழற்றுங்கள். மறுபடி போட்டுப் பரீட்சிக்கவேண்டாம். அன்றைக்கே கண் கிளினிக் உள்ள வைத்தியசாலைக்குப் போங்கள், மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் அப்படியே கொண்டுபோங்கள், கிருமி பரிசோதனைக்கு உதவும். ஃபார்மசியில் கேட்டு ஸ்டீரொயிட் சொட்டு வாங்கிப் போடுவது மிகவும் ஆபத்து. சிவப்பு அடங்கும், உள்ளே கிருமி பெருகும். கூம்புக் கருவிழி உள்ளவர்களுக்குத் திடீரென்று கண்ணில் வெள்ளை படர்ந்து, வலியோடு பார்வை மங்கினால் கருவிழிக்குள் நீர் புகுந்திருக்கலாம். அதுவும் அன்றைக்கே காட்டவேண்டியது.

திரும்ப வருவது

லென்ஸ் கிடைத்து ஒரு வாரத்தில், பிறகு ஒரு மாதத்தில், பிறகு மூன்று மாதத்தில், அதற்குப்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வரும்போது லென்ஸ் கண்ணிலேயே இருக்கவேண்டும், போட்டு நான்கு மணித்தியாலமாவது ஆகியிருக்கவேண்டும். கையில் டப்பாவோடு வந்து "நல்லா இருக்கு" என்று சொன்னால் நான் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. லென்ஸ் எவ்வளவு அமர்ந்திருக்கிறது, ஓரம் எங்கே அமுக்குகிறது என்று பார்த்துவிட்டுக் கழற்றி, கருவிழியில் கீறலோ வீக்கமோ இருக்கிறதா என்று சாயம் போட்டுப் பார்ப்போம். கருவிழி மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் இந்தத் தவணைகளை ஒன்றுகூடத் தவறவிடக்கூடாது, அவர்களுடைய கருவிழிக்கு ஒட்சிசன் குறைவதைத் தாங்கும் சக்தி குறைவு.

இரண்டாம் தடவை வரும்போது தம்பி தங்கச்சியையும் கூட்டி வாருங்கள், பத்து வயது தாண்டியிருந்தால் கட்டாயம். கூம்புக் கருவிழி குடும்பத்தில் தொடர்வது உண்டு. அவர்களுக்கு ஒரு குறையும் தெரியாமல் இருக்கலாம், அந்த நேரத்தில் பிடித்தால்தான் குரொஸ்-லிங்கிங்கோடு நிறுத்திவிடலாம். பரிசோதனைக்கு அரை மணித்தியாலம் போதும்.